வாசகர் கேள்வி – பதில்: ரோஜர் ஆக்ராய்டைக் கொன்றவரும் வாசகரின் கோபமும்

சென்ற இதழில் அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்’ நாவலைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பாதி புகழ்கின்றன, பாதி சண்டைக்கு வருகின்றன. இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். நாவலை இன்னும் படிக்காதவர்களை மனத்தில் வைத்து, முடிவைத் தொடாத கேள்விகளை முதலிலும், முடிவைத் தொட்டே ஆகவேண்டிய கேள்விகளைப் பின்னாலும் வைத்திருக்கிறேன். நடுவில் ஓர் எச்சரிக்கை வரும். அந்த இடத்தில் நின்றுவிட வேண்டியவர்கள் தயவுசெய்து நின்றுவிடுங்கள்.

கேள்வி: மாத நாவல்களைப் படித்து வளர்ந்தவன் நான். ஒரே மூச்சில் படித்து முடிக்கும் வேகம் எனக்கு முக்கியம். ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் எழுதப்பட்ட இந்த ஆங்கில நாவல் எனக்குப் பிடிக்குமா? முடிவைச் சொல்லாமல் சொல்லுங்கள்.
— சிவகாசி வாசகர்

பதில்: பிடிக்கும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் காரணத்துக்காக அல்ல. 1926ஆம் ஆண்டு லண்டனின் காலின்ஸ் பதிப்பகம் வெளியிட்ட இந்த நாவலில் துரத்தலோ துப்பாக்கிச் சத்தமோ கிடையாது. கிங்ஸ் ஆபட் என்ற கற்பனைக் கிராமத்தில் திருமதி ஃபெரர்ஸ் என்ற பணக்கார விதவை ஓர் இரவில் வெரோனல் என்ற தூக்க மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டு இறந்துபோகிறார். அவரை மணந்துகொள்ளவிருந்த செல்வந்தர் ரோஜர் ஆக்ராய்ட், மறுநாள் இரவே தம் வீட்டின் படிப்பறையில் குத்துவாள் பாய்ந்து இறந்துகிடக்கிறார். இந்தக் கதையை நமக்குச் சொல்பவர் அந்த ஊர் டாக்டர் ஜேம்ஸ் ஷெப்பர்ட். அவருடைய பக்கத்து வீட்டில், துப்பறியும் தொழிலை விட்டுவிட்டுச் சுரைக்காய் இனத்தைச் சேர்ந்த காய் ஒன்றைப் பயிரிட்டுக்கொண்டு, அந்த வாழ்க்கை சலித்துப்போய் ஒருநாள் அந்தக் காயையே சுவர் தாண்டி வீசியெறிகிற ஒரு வெளிநாட்டவர் குடியிருக்கிறார். அவர்தான் எர்க்யூல் புவாரோ.

இந்த நாவலின் முதல் பலம் ஊர்வம்பு என்று சொன்னால் வியப்பாக இருக்கும். டாக்டரின் அக்கா கேரோலின் வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவர். ஆனால் ஊரில் எது நடந்தாலும் அவருக்கு முதலில் தெரிந்துவிடும். முதல் அத்தியாயத்திலேயே இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. திருமதி ஃபெரர்ஸின் உடலைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் டாக்டர், உடனே உள்ளே போகாமல், தொப்பியையும் மேல்கோட்டையும் மாட்டுகிற சாக்கில் முன்கூடத்திலேயே சற்று நேரம் கடத்துகிறார். உள்ளே போனால் அக்கா துருவித் துருவிக் கேட்பாரே என்பது அவர் கவலை. ஆனால் அக்காவோ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே இறப்புச் செய்தியைத் தாமே சொல்கிறார். அந்த வீட்டுச் சமையற்காரியிடமிருந்து பால்காரப் பையன் மூலம், டாக்டர் வீடு வந்து சேருமுன்பே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. புலனாய்வின் பாதி வேலையை இப்படிப்பட்ட பேச்சுகளே செய்துவிடுகின்றன. பின்னால் ஓர் அத்தியாயம் முழுவதும் நான்கு பேர் உட்கார்ந்து மாஜாங் ஆடுகிறார்கள். காய் எடுப்பதற்கும் வைப்பதற்கும் இடையே ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒரு செய்தி நழுவி விழுகிறது. வேறு எவராவது எழுதியிருந்தால் அது அலுப்பூட்டும் விசாரணைக் காட்சியாகியிருக்கும்.

வேகம் வேண்டும் என்கிறீர்கள். முதல் ஐந்து அத்தியாயங்களும் கடைசி ஐந்து அத்தியாயங்களும் உங்களைக் கீழே வைக்கவிடாது. நடுப்பகுதியைப் பற்றி அடுத்த கடிதம் பேசுகிறது.

கேள்வி: எத்தனையோ பேர் புகழக் கேட்டு வாங்கினேன். பாதிக்கு மேல் நகரவில்லை. யாரோ ஒருவர் வந்து தம் இரகசியத்தை ஒப்புக்கொள்வதும், அதற்கும் கொலைக்கும் தொடர்பில்லை என்று தெரிவதுமாகவே போகிறது. குறை என்னிடமா, நாவலிடமா?
— தஞ்சாவூர் வாசகி

பதில்: நாவலிடம்தான். இதன் பெரிய பலவீனத்தை நீங்கள் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். முடிவைப் பற்றிச் சண்டையிடுபவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நடுப்பகுதியைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம்.

புவாரோ சந்தேகத்துக்குரியவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, நீங்கள் ஒவ்வொருவரும் என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் இடம் மிக நன்றாக அமைந்திருக்கிறது. ஆனால் அதோடு நாவலாசிரியர் தமக்கே ஒரு கடன் பட்டுக்கொள்கிறார். அத்தனை பேரின் இரகசியத்தையும் அவர் ஒவ்வொன்றாக அவிழ்த்தாக வேண்டும். கடனில் மூழ்கிய, ஆக்ராய்டின் தம்பி மனைவி, சிறு தொகைக்குக் கைநீட்டிய தம்பி மகள், மனத்துக்குள் காதலை வைத்துக்கொண்டு ஊமையாகத் திரியும் வேட்டைக்காரர், பழைய பாவம் ஒன்றைச் சுமக்கும் பட்லர், யாரிடமும் சொல்லாத மகனை உடைய வீட்டு நிர்வாகி என்று வரிசையாக வருகிறார்கள், ஒப்புக்கொள்கிறார்கள், போகிறார்கள். இரண்டாவது ஒப்புதலிலேயே இந்த முறை வாசகருக்குப் பழகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒருவர் தயங்கியபடி கதவைத் தட்டினாலே, இவரும் கொலையாளி இல்லை என்று தெரிந்துவிடுகிறது. திருப்பத்தை நம்பி எழுதப்படும் நாவலுக்கு இது கெடுதல்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. புத்தகமாவதற்கு முந்தைய ஆண்டில், 1925 ஜூலை முதல் செப்டம்பர் வரை, ‘லண்டன் ஈவினிங் நியூஸ்’ நாளிதழில் ‘ஹூ கில்ட் ஆக்ராய்ட்?’ என்ற தலைப்பில் 54 பகுதிகளாக இது தொடராக வந்தது. ‘தொடரும்’ போட்டு நிறுத்துகிற கதைகளில் வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு சொல்லாமலே புரியும். நாளுக்கொரு சந்தேகம் கிளம்ப வேண்டும், அது இரண்டு மூன்று நாளில் தீரவும் வேண்டும். மாலைநேர ரயிலில் செய்தித்தாளை விரித்தவருக்குச் சுவையாக இருந்த அந்த முறை, மொத்தமாகப் படிக்கும்போது உங்களுக்குச் சலிப்பைத் தருகிறது. நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று படித்துப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், சற்றுத் தாவி, புவாரோ டாக்டரின் கையெழுத்துப் பிரதியை வாங்கிப் படிக்கும் 23ஆம் அத்தியாயத்திலிருந்து தொடருங்கள். இப்படித் தாவச் சொல்வது பாவம் என்று சில தீவிர ரசிகர்கள் என்மீது கோபப்படுவார்கள். பரவாயில்லை. பாதியில் மூடிவைப்பதைவிட இது மேல்.

கேள்வி: கல்லூரியில் உடன்படித்த தோழி, நான் முதல் பக்கத்தில் இருக்கும்போதே கொலையாளியின் பெயரைச் சொல்லிவிட்டாள். இனி படித்துப் பயன் உண்டா?
— புதுச்சேரி வாசகி

பதில்: உண்டு. தோழியை மன்னிக்கலாமா என்பது வேறு விஷயம். முடிவு தெரியாமல் படிப்பவர், யார் கொன்றார் என்று தேடிக்கொண்டே போகிறார். தெரிந்து படிப்பவருக்கு, இது எப்படி மறைக்கப்பட்டிருக்கிறது என்பதே கதையாகிவிடுகிறது. மற்றப் பல மர்ம நாவல்களில் இந்த இரண்டாவது வாசிப்புக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. இதில் முதல் வாசிப்பைவிட இரண்டாவது வாசிப்பே எனக்கு அதிக இன்பம் தந்தது. உங்களுக்கு அது நேரடியாகவே வாய்க்கப்போகிறது.

எச்சரிக்கை: இனி வரும் பதில்களில் கொலையாளி யார் என்பது வெளிப்படையாகப் பேசப்படுகிறது.

கேள்வி: கதை சொல்லும் டாக்டரே கொலையாளி என்றால் அதற்குப் பெயர் திருப்பம் அல்ல, மோசடி. எவரை நம்பிக் கதையைக் கேட்கிறோமோ அவரே பொய்யர் என்றால் வாசகன் எதைக் கொண்டு துப்பறிவான்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அதற்குப் பெருமை வேறா?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: புவாரோ பயிரிடுவதும் பூசணிக் குடும்பத்துக் காய்தான் என்பதால், உங்கள் பழமொழி தானாகவே பொருந்திவிட்டது! உங்கள் கோபம் புதியதும் அல்ல. நாவல் வந்த காலத்திலேயே இதே கோபம் பலருக்கு இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் எஸ்.எஸ். வான் டைன் 1928இல் துப்பறியும் கதைகளுக்கு இருபது விதிகளை வகுத்தபோது, குற்றவாளி துப்பறிபவரிடம் செய்யும் சூழ்ச்சியைத் தவிர வேறு எந்தச் சூழ்ச்சியையும் வாசகரிடம் செய்யக்கூடாது என்றார். அடுத்த ஆண்டு, பாதிரியாரும் எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸின் பத்துக் கட்டளைகள் வெளிவந்தன. எவருடைய எண்ணங்களை வாசகர் பின்தொடர அனுமதிக்கப்பட்டாரோ அவர் குற்றவாளியாக இருக்கக்கூடாது என்று அவற்றில் முதல் கட்டளையே சொல்கிறது. மறுபுறம், அதே காலத்தில் எழுதிய டாரதி எல். சேயர்ஸ், எல்லோரையும் சந்தேகிப்பதுதான் வாசகரின் வேலை என்று கிறிஸ்டிக்காக வாதாடினார்.

நான் சேயர்ஸ் பக்கம். ஆனால் அவர் சொல்லும் காரணத்தோடு என் காரணம் நின்றுவிடவில்லை. எல்லோரையும் சந்தேகிக்க வேண்டும் என்றால், சந்தேகிப்பதற்கான பிடி பக்கங்களில் இருக்க வேண்டும் அல்லவா? அது இருக்கிறது. எளியதிலிருந்து தொடங்குகிறேன். டாக்டர் ஆக்ராய்டின் படிப்பறையை விட்டுக் கிளம்பியது ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது. வெளிவாசல் அருகே வரும்போது மாதா கோவில் மணி ஒன்பது அடிக்கிறது. வீட்டிலிருந்து வாசலுக்கு ஐந்து நிமிட நடைதான். மீதி ஐந்து நிமிடம் எங்கே போயிற்று? இரண்டு நேரங்களையும் டாக்டரே நமக்குச் சொல்லிவிடுகிறார். கூட்டிக் கழித்துப் பார்க்காதது நாம்தான். பணத்தைப் பற்றியும் அப்படியே. ஓர் ஆண்டுக்கு முன் தமக்கு ஓர் உயில் சொத்து வந்ததாகவும், அதை ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்தில் போட்டு இழந்ததாகவும், புவாரோவைச் சந்திக்கும் முதல் நாளிலேயே அவர் பேச்சுவாக்கில் சொல்கிறார். திருமதி ஃபெரர்ஸ் தம் கணவருக்கு நஞ்சிட்டதும், அதைத் தெரிந்துகொண்ட எவரோ அவரை மிரட்டிப் பணம் பறிக்கத் தொடங்கியதும் அதே ஓர் ஆண்டுக்கு முன்புதான். அந்தக் கணவருக்கு மருத்துவம் பார்த்தவரும் இந்த டாக்டரே.

இனி, எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்தப் பத்தி. தம்மை மிரட்டியவர் யார் என்று திருமதி ஃபெரர்ஸ் சாகுமுன் ஆக்ராய்டுக்கு எழுதிய கடிதம் உள்ளே வந்தது எட்டு நாற்பதுக்கு. தாம் கிளம்பியது எட்டு ஐம்பதுக்கு, அப்போதும் கடிதம் படிக்கப்படாமலே இருந்தது. கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி, செய்ய வேண்டியது ஏதும் மிச்சமிருக்கிறதா என்று ஒரு கணம் தயங்கித் திரும்பிப் பார்த்ததாக டாக்டர் எழுதுகிறார். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எட்டு நாற்பதுக்கும் எட்டு ஐம்பதுக்கும் இடையே நடந்ததை மட்டும் அவர் எழுதவில்லை. உடலைக் கண்டபின் பட்லரைக் காவல்துறைக்குத் தொலைபேச அனுப்பிவிட்டு, செய்ய வேண்டிய சிறிய வேலையைச் செய்ததாக மற்றோர் இடத்தில் எழுதுகிறார். மருத்துவர் என்ற முறையில் ஏதோ செய்தார் போலும் என்று நாம் கடந்துபோகிறோம். அவர் செய்தது, ஆக்ராய்டின் குரலை ஒலிக்கவிட்ட டிக்டாஃபோன் என்ற குரல் பதிவுக் கருவியைத் தம் பைக்குள் போட்டதும், அதை மறைத்திருந்த நாற்காலியைச் சுவரோரம் தள்ளியதும். இரவு பத்தே காலுக்கு டாக்டரின் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கும் இடத்தையும் புரட்டிப் பாருங்கள். ஆக்ராய்ட் கொல்லப்பட்டுவிட்டார் என்று பட்லர் சொல்வதாக அவர் அக்காவிடம்தான் சொல்கிறார். தொலைபேசியில் பட்லர் பேசியதாக வாசகருக்கு அவர் எழுதவில்லை. பொய் அக்காவுக்கு, மௌனம் நமக்கு. இப்படி நூல் பிசகாமல் ஒரு நாவல் முழுவதையும் எழுதிக்கொண்டு போவது விளையாட்டல்ல.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அகப்பட்டுக்கொள்வோமோ என்ற பயம் ஒரு கொலையாளிக்கு ஒவ்வொரு மணி நேரமும் இருக்கும். அந்தப் பயம் இருபது அத்தியாயங்களில் ஏறக்குறைய எங்கும் தலைகாட்டவில்லை. செய்ததை மறைப்பதை ஏற்றுக்கொள்ளும் வாசகர்கூட, உணர்ந்ததை இவ்வளவு முழுமையாக மறைப்பதை ஏற்கத் தயங்கலாம். கிறிஸ்டிக்கும் இது தெரிந்திருக்கிறது. கையெழுத்துப் பிரதியைப் படித்து முடித்த புவாரோ, உங்கள் அடக்கத்தைப் பாராட்டுகிறேன், நீங்கள் உங்களைப் பின்னாலேயே நிறுத்திக்கொண்டுவிட்டீர்கள் என்ற பொருளில் டாக்டரிடம் பேசுகிறார். கடைசிக்குச் சற்று முன்னால் வாசகருக்குக் கொடுக்கப்படும் நேர்மையான எச்சரிக்கை அது. நாமோ அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறோம்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். கிறிஸ்டியின் அக்காள் கணவர் ஜேம்ஸ் வாட்ஸ், உடனிருந்து கதை சொல்லும் வாட்சன் போன்றவரே குற்றவாளியாக இருந்தால் என்ன என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னதாகவும், மவுண்ட்பேட்டன் பிரபுவும் அதேபோன்ற ஒரு யோசனையைக் கடிதத்தில் எழுதியதாகவும் கிறிஸ்டியே தம் சுயசரிதையில் பதிவுசெய்திருக்கிறார். பிற்காலத்தில் இந்தியாவின் கடைசி வைஸ்ராயாக வந்த அதே மவுண்ட்பேட்டன்தான்.

கேள்வி: திருப்பத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கொலைத் திட்டத்தை என்னால் ஏற்கமுடியவில்லை. குரல் பதிவுக் கருவி, யாரோ ஒரு கப்பல் பணியாளர், மற்றவருடைய பூட்சு என்று இத்தனை சிக்கலுடன் எவராவது கொலை செய்வார்களா?
— ஓசூர் வாசகர், பொறியாளர்

பதில்: செய்யமாட்டார்கள். இங்கே நான் வாதாட வரவில்லை. டாக்டர் என்ன செய்கிறார் என்று வரிசையாகச் சொன்னாலே மூச்சுவாங்குகிறது. குறித்த நேரத்தில் தானாக ஒலிக்கும்படி டிக்டாஃபோனை மாற்றியமைக்கிறார். ஆக்ராய்டின் வளர்ப்பு மகன் ரால்ஃப் பேட்டன் மீது பழி விழும்படி, அவருடைய பூட்சுகளைக் கொண்டு சன்னல் விளிம்பில் தடம் பதிக்கிறார். தம்மிடம் மருத்துவம் பார்த்துக்கொண்ட கப்பல் பணியாளர் ஒருவரை, ஊரைவிட்டுக் கிளம்பும்போது ரயில் நிலையத்திலிருந்து தமக்குத் தொலைபேசும்படி கேட்டுக்கொள்கிறார். அந்த அழைப்பைக் காரணமாக வைத்துக் கொலை நடந்த வீட்டுக்கு முதல் ஆளாக ஓடி, கருவியை எடுத்துவிடுகிறார். இதில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் போயிற்று. கதவுக்கு வெளியே குரலைக் கேட்க அந்த நேரத்தில் ஒருவர் வந்தாக வேண்டும். கேட்டவர் கதவைத் தட்டாமல் போகவும் வேண்டும். அப்படியே நடக்கிறது.

தற்செயல்களும் அளவுக்கு மீறிப்போகின்றன. அதே இரவில், அதே வீட்டுத் தோட்டத்தில், இரகசியமாக மணந்துகொண்ட கணவனும் மனைவியும் சந்திக்கிறார்கள். போதைப் பழக்கத்துக்கு ஆளான மகன் தாயைத் தேடி வருகிறான். தம்பி மகள் மாடியில் பணத்தை எடுக்கிறாள். வேட்டைக்காரர் வெளியே உலாவுகிறார். ஒரு சிற்றூரின் ஓராண்டு இரகசியங்கள் முழுவதும் ஒரே மணி நேரத்தில் அங்கே வந்து கூடியதாகத் தோன்றுகிறது. இந்த வகை நாவல்களின் பொதுவான நோய் இது. கிறிஸ்டியின் எழுத்தோட்டம் அதைப் படிக்கும்போது மறக்கவைக்கிறதே தவிர, குணப்படுத்தவில்லை.

நாற்காலி மட்டும் விதிவிலக்கு. சுவரோரம் இருக்க வேண்டிய பெரிய நாற்காலி முன்னால் இழுபட்டிருந்ததைப் பட்லர் கவனித்துச் சொல்ல, காவல் அதிகாரி உட்பட யாரும் அதைப் பொருட்படுத்தாமல் விட, புவாரோ மட்டும் திரும்பத் திரும்ப அதற்கே வருகிறார். சிக்கலான இயந்திரத்தைவிட இந்த எளிய தடயமே நாவலைத் தாங்குகிறது.

கேள்வி: அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன், ‘ரோஜர் ஆக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன?’ என்று கேட்டாராமே. பாத்திரங்கள் வெறும் பொம்மைகள் என்பதுதானே அதன் பொருள்?
— மதுரை வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: 1945 ஜனவரியில் ‘நியூ யார்க்கர்’ இதழில் வந்த கட்டுரையின் தலைப்பு அது. தலைப்பில்தான் ஆக்ராய்டை இழுத்தாரே ஒழிய, கட்டுரைக்குள் அதிகமாக அடி வாங்கியவை வேறு நாவல்கள். சேயர்ஸின் நாவல் ஒன்றைத் தாம் படித்ததிலேயே மிக அலுப்பூட்டும் நூல்களில் ஒன்று என்று எழுதினார் வில்சன். மறுபுறம், 2013இல் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தினர் வாக்களித்து, இதுவரை வந்த குற்றப்புனைவு நாவல்களில் மிகச் சிறந்தது என்று இதைத் தேர்ந்தெடுத்தார்கள். எதிர்க்கட்சியின் பேச்சையும் சொந்தக்காரர்களின் பேச்சையும் ஒரே தராசில் வைக்க நான் விரும்பவில்லை.

தலைப்பின் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டால், அதில் உண்மை இருக்கிறது. ஆக்ராய்ட் இறந்ததற்காக இந்த நாவலில் எவரும் மனமுருகி அழுவதில்லை. பணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த, முன்கோபக்காரரான, ஆனால் கெட்டவரல்லாத ஒருவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி நமக்கு எதுவும் தெரிவதில்லை. நான்காம் அத்தியாயத்தோடு அவர் முடிந்துபோகிறார். தம்பி மகள், செயலாளர், வேட்டைக்காரர் ஆகியோரின் பெயர்களை நாவலை மூடிய ஒரு வாரத்துக்குப் பிறகு எனக்கே நினைவுகூர முடிவதில்லை.

ஆனால் இரண்டு பாத்திரங்கள் பொம்மைகள் அல்ல. ஒருவர் கேரோலின். அவரைப் படைத்ததில் கிடைத்த இன்பத்திலிருந்தே, தம் மற்றொரு துப்பறியும் பாத்திரமான மூதாட்டி மிஸ் மார்ப்பிள் பிறந்திருக்கக்கூடும் என்று கிறிஸ்டி எழுதியிருக்கிறார். மற்றொருவர் டாக்டர். வம்புக்கார அக்காவைச் சலித்துக்கொள்கிற, நகைச்சுவை உணர்வுள்ள, ஊரார் மதிக்கிற, எதற்கும் பெரிதாக ஆசைப்படாதவர்போல் தோன்றுகிற ஒரு நடுத்தர வயது மனிதர் ஓர் இரகசியத்தைக் கண்டுபிடிக்கிறார். அதை வைத்துக் கொஞ்சம் பணம், பிறகு இன்னும் கொஞ்சம் பணம் என்று கேட்கிறார். ஒரு பெண்ணைத் தற்கொலைக்குத் தள்ளுகிறார். பிறகு நண்பரையே குத்திக் கொல்கிறார். நாவலின் நடுவில் புவாரோ, அடிமனத்தில் ஒரு பலவீனம் உள்ள சாதாரண மனிதன் இப்படித்தான் வீழ்கிறான் என்று விளக்கமாகவே பேசுகிறார். டாக்டரும் கேரோலினும் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதல் முறை படித்தபோது அது ஒரு கிழவரின் தத்துவப் பேச்சாகப் பட்டது. முடிவு தெரிந்தபின் படித்தால் அந்த அறையில் டாக்டருக்கு எப்படி இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அதேபோல் முதல் அத்தியாயத்தில் தொப்பியை மாட்டும் சாக்கில் அவர் முன்கூடத்தில் நின்றாரே, அது அக்காவின் கேள்விகளுக்குப் பயந்து மட்டுமல்ல. பணம் தந்துகொண்டிருந்தவள் அன்று காலை இறந்துபோயிருந்தாள். சாகுமுன் யாரிடமாவது தம் பெயரைச் சொல்லிவிட்டாளா என்பது அவருக்குத் தெரியாது.

ஆகவே வில்சனின் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால், எனக்குப் பதில் உண்டு. ஆக்ராய்ட் யார் கையால் இறந்தார் என்பது எனக்குப் பெரிதல்ல. ஷெப்பர்ட் எப்படிக் கொலைகாரரானார் என்பது பெரிது. திருப்பத்தை மட்டும் பேசுபவர்கள் இந்த நாவலைப் புகழ்வதுபோல் குறைத்துவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம்.

கேள்வி: உண்மையில் கொலை செய்தது அக்கா கேரோலின்தான் என்று ஒரு பிரெஞ்சுப் பேராசிரியர் நிறுவியிருக்கிறாராமே?
— சென்னை வாசகி

பதில்: பியர் பயார் 1998இல் அப்படியொரு நூல் எழுதினார். தம்பியைக் காப்பாற்ற அக்கா கொன்றார், அக்காவைக் காப்பாற்றத் தம்பி பழியை ஏற்றார் என்பது அவருடைய வாதம். சுவையான நூல், படிக்கலாம். ஆனால் பொய் சொல்லாமலே மறைப்பதுதான் ஷெப்பர்டின் திறமை. கடைசி அத்தியாயம் முழுப் பொய் என்று வைத்துக்கொண்டால் அந்தத் திறமைக்கே வேலையில்லாமல் போய்விடும். எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: கொலையாளியைக் காவல்துறையிடம் ஒப்படைக்காமல், அவரே தம் உயிரை முடித்துக்கொள்ள புவாரோ வழிவிடுவது நியாயமா? நாவலின் கடைசிப் பக்கங்கள் எனக்கு உறுத்தலாக இருந்தன.
— ஈரோடு வாசகர், வழக்கறிஞர்

பதில்: உறுத்த வேண்டிய இடம்தான். உண்மை மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் ராக்லனிடம் போய்ச்சேரும் என்று புவாரோ சொல்கிறார். கேரோலினுக்காக வேறொரு வழியும் இருப்பதை அவர் டாக்டரிடம் காட்டுகிறார். ஒரே நிபந்தனை, ரால்ஃப் பேட்டன் மீதுள்ள பழியை நீக்கும் வகையில் கையெழுத்துப் பிரதியை முடித்துத் தர வேண்டும். திருமதி ஃபெரர்ஸ் எந்த மருந்தால் இறந்தாரோ அதே வெரோனலை டாக்டர் தேர்ந்தெடுக்கிறார்.

சட்டப்படி இதை எவரும் நியாயப்படுத்த முடியாது. அந்தக் காலத்து ஆங்கில மர்ம நாவல்களில் மேல்தட்டுக் குற்றவாளிக்குத் தூக்குமேடைக்குப் பதிலாக இப்படியொரு கண்ணியமான வாசல் அடிக்கடி திறக்கப்படுகிறது. ஒரு பட்லரோ வேலைக்காரியோ கொலை செய்திருந்தால் அந்த வாசல் திறந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. கதையாக மட்டும் பார்த்தால், இந்த முடிவு இல்லாமல் நாவலே இல்லை. புவாரோவின் தோல்வியை எழுதுவதற்காகவே தாம் குறிப்பெடுக்கத் தொடங்கியதாக டாக்டர் கடைசியில் சொல்கிறார். அந்தப் பிரதியை முடித்தாக வேண்டிய கட்டாயம் ஏற்படுவதால்தான் நாம் படித்துக்கொண்டிருக்கும் நூல் நம் கைக்கு வருகிறது. சாகப்போகும் அந்த இரவிலும், தம் பழைய வாக்கியங்களை எடுத்துக்காட்டி, எவ்வளவு நேர்த்தியாக எழுதியிருக்கிறேன் என்று அவர் தம்மையே பாராட்டிக்கொள்கிறார். வருத்தம் என்று சொல்லும்படியாக ஒரு வரியும் இல்லை. உங்களுக்கு உறுத்தியது சட்டம் மீறப்பட்டதா, அந்தப் பெருமிதமா என்று ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: படித்து முடித்துவிட்டேன். இதேபோல் சொல்பவரின் மூலமாகவே மர்மத்தை நடத்தும் நாவல் வேறு ஒன்று சொல்லுங்கள். ஒன்றே ஒன்று.
— திருச்சி வாசகி

பதில்: வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’. 1868இல் வந்தது. 1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது கொள்ளையடிக்கப்பட்ட ஒரு வைரம் இங்கிலாந்தில் ஒரு மாளிகையிலிருந்து காணாமல் போகிறது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் என்று பலர் கதையைச் சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறார்கள். நூல் பெரியது. முதலில் பேசும் முதிய வேலைக்காரர் பெட்டரட்ஜ் விஷயத்துக்கு வர நேரமெடுப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்னுரை உள்ள பதிப்பாகக் கிடைத்தால், முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். முன்னுரை எழுதுபவர்களுக்கு வைரத்தை எடுத்தவர் யார் என்பதை மூன்றாம் பத்தியிலேயே சொல்லிவிடும் பழக்கம் உண்டு.